சகோதரர் என்று சொல்லிவிட்டேன்

மைக்கைப் பிடித்திருந்த கை என்னுடையது. அதில் பேசிய வாயும் என்னுடையதுதான். இருந்தும் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வாயிலிருந்து வந்ததை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. நடந்து பல வாரங்கள் ஆகின்றன. பல் தேய்க்கும்போதுகூட, இந்த வாய்தானே, என்று கண்ணாடியைப் பார்த்து ஒரு கணம் நின்றுவிடுகிறேன்.

மைசூரில், மண்டி மொஹல்லாவில், ஒரு மிளகாய்க் கடைக்கு மேலே முதல் மாடியில் எங்கள் சபை கூடுகிறது. ஞாயிறு கடைக்கு விடுமுறை. காரத்துக்கு விடுமுறை கிடையாது. அது படியேறி வந்து, கண்மூடி ஜெபிக்கிறவர்களின் மூக்கில் உட்காரும். புதிதாக வருகிறவர்கள் எங்கள் கண்ணீரைப் பார்த்து, என்ன ஒரு ஆவியின் எழுப்புதல், என்று வியப்பார்கள். பாதி எழுப்புதல்தான். மீதிப் பாதி பேடகி மிளகாய்.

தமிழ்ச் சபை. ஆனால் வெளியூரிலிருந்து வரும் பிரசங்கியார்கள் பெரும்பாலும் கன்னடத்தில்தான் பேசுவார்கள். பக்கத்தில் ஒருவன் நின்று வாக்கியத்துக்கு வாக்கியம் தமிழில் சொல்ல வேண்டும். பதினோரு வருடமாக அந்த ஒருவன் நான். எங்கள் பெரியவர்கள் கடைத்தெருவில் கன்னடம் பேசுவார்கள், பேரம் பேசுவார்கள், சண்டையும் போடுவார்கள். ஆண்டவர் விஷயம் மட்டும் தமிழில் வந்தால்தான் அவர்களுக்கு உள்ளே இறங்கும். இளையவர்கள் நேர் எதிர். பிரசங்கியார் கன்னடத்தில் ஒரு வேடிக்கை சொன்னால் உடனே சிரித்துவிட்டு, நான் அதைத் தமிழில் சொல்லும்போது சிரித்து முடித்த முகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். பெரியவர்கள் அப்போதுதான் சிரிக்கத் தொடங்குவார்கள். எங்கள் கூடத்தில் எல்லாமே இரண்டு தடவை நடக்கும்.

இந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. பிரசங்கியார் 'நான்' என்றால் நானும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். அவர் குடித்துக் கெட்டுத் திருந்தியிருந்தால், அந்த ஒரு மணி நேரம் நானும் குடித்துக் கெட்டுத் திருந்தியவன். அவர் கையை உயர்த்தினால் நானும் உயர்த்த வேண்டும். அவர் அழுதால், ஒரு வாக்கியம் பிந்தி, நானும். இப்படி எத்தனையோ பேருடைய தாய்மார்களை நான் அடக்கம் செய்திருக்கிறேன்.

எனக்கென்று ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. வசன கவிதை எழுதுகிறவன் நான். பிரசங்கியார் 'மழை பெய்தது' என்றால் என் தமிழில் அது 'மழை மண்ணைத் தேடி வந்தது' என்றாகிவிடும். கூட்டம் முடிந்ததும் பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு பேச்சைவிட உங்க தமிழுதான் சார் நல்லாருந்துச்சு" என்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். தாழ்மை என்று நினைப்பார்கள். ருசி அது.

என் மனைவி மூன்றாவது வரிசையில், ஜன்னலோரம் உட்காருவாள். ஹனூர் பக்கத்துக் காட்டோரக் கிராமம் அவளுக்கு. பேச்சு கொங்குச் சாயலில் இழுக்கும். சபையில் அவளுக்கு 'சந்தோஷம் அக்கா' என்று பெயர். சாட்சி நேரத்தில் முதலில் எழுந்து நிற்பவள் அவள்தான். வாடகைக்காரர் வீடு காலி செய்தாலும், மகளுக்கு வெளியூரில் விடுதி கிடைத்தாலும், கால் சுளுக்கிச் சரியானாலும், "கர்த்தர் இந்த வாரமும் என் உள்ளத்தைச் சந்தோஷத்தால நெறைச்சாருங்க" என்று முடிப்பாள்.

எனக்குள் நம்பிக்கை எப்போதும் ஒரே அளவில் எரிந்ததில்லை. கூடும், குறையும். குறைகிற நாட்களில் என்னைத் தாங்கியது அவள் குரல். காலை ஐந்தரைக்குச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாக ஜெபிப்பாள். நான் போர்வைக்குள் படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். மகளுக்காக, எனக்காக, சபைக்காக, தெருப் பிள்ளைகளுக்காக. கேட்டபடியே இன்னொரு குட்டித் தூக்கமும் போடுவேன். நம் வீட்டில் ஒருவர் விழித்திருக்கிறார், அது போதும் என்று தோன்றும்.

இந்தத் தடவை வந்த பிரசங்கியார் அறுபது வயதைத் தாண்டிய குள்ளமான மனிதர். சத்தம் போடாதவர். விசேஷக் கூட்டங்கள் வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு மூன்று மணிக் கூட்டத்தோடு முடியும்படி ஏற்பாடு. வெள்ளியன்று விசுவாசம். சனிக்கிழமை வளர்ச்சி. "ஆவிக்குரிய வளர்ச்சி தாடியைப் போல. வளர்வதை யாரும் பார்ப்பதில்லை. ஒருநாள் மனைவி சொல்லித்தான் நமக்கே தெரியும்" என்றார். கூடம் வழக்கம்போல இரண்டு தடவை சிரித்தது. தேறாத விசுவாசிகளைத் திட்டவில்லை. காணிக்கையைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் அவருக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. இலை போடும் நேரத்தில் பார்த்தால் தயிர் இல்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினேன். பால்பூத்தில் வரிசை. திரும்பி வரக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். வந்தபோது பிரசங்கியார் கைகழுவும் இடத்தில் நின்றிருந்தார். என் மனைவி அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். வேறு ஒன்றும் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஞாயிறு காலைக் கூட்டத்துக்குத் தலைப்பு, தினசரி வாழ்க்கையில் சந்தோஷம். அரை மணி நேரம் இரண்டு பேரும் சேர்ந்து நடந்தோம். அவர் ஒரு அடி, நான் ஒரு அடி. பிறகு அவர் கொஞ்சம் நிறுத்தி, "ஒரு வீட்டைப் பற்றிச் சொல்லப் போகிறேன்" என்றார். சொன்னேன். "அந்த வீட்டில் அனுமதி வாங்கிக்கொண்டுதான் சொல்கிறேன்" என்றார். அதையும் சொன்னேன்.

"அந்த வீட்டில் விடிவதற்கு முன்பே சமையலறையிலிருந்து ஜெபச் சத்தம் கேட்கும்."

'இருள் விலகுமுன் அந்தச் சமையலறையில் ஒரு குரல் விளக்கேற்றும்' என்று அழகாகச் சொன்னேன்.

"ஆனால் அங்கே ஜெபிக்கிறவர் யாரும் இல்லை. ஒரு மொபைல் போன்தான் ஜெபிக்கிறது. எப்போதோ ஒருநாள் ஜெபித்ததைப் பதிவுசெய்து, ஒரு வருடமாக அதையே ஓடவிட்டுக்கொண்டு, பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறது ஒரு உயிர்."

அதையும் சொன்னேன். பெரியவர்கள் 'ஐயோ' என்றார்கள். எனக்கும் பரிதாபமாக இருந்தது. யார் வீட்டுக் கதையோ.

"அந்தப் பதிவில் ஒரு குக்கர் விசில்கூட உண்டு" என்றார் அவர், லேசாகச் சிரித்து.

இளையவர்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. நான் வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை.

தெருப் பிள்ளைகளுக்காக என்ற இடம் முடிந்ததும் ஒரு விசில் வரும். தினமும். இட்லி வேகும் நாளிலும் வரும், விசில் போடாத இட்லிப் பானையில். போன மாதம் சிலிண்டர் தீர்ந்து, ஓட்டலிலிருந்து பொங்கல் வாங்கி வந்த அன்று காலையிலும் வந்தது. படுத்தபடி அதைக் கேட்டேன். கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தேன். ஒரு வருடம், ஒரே இடத்தில், ஒரே விசில். பொருளைவிட ஓசையைக் கேட்கிறவன் என்று என்னைப் பற்றி நானே எழுதிக்கொண்டவன்.

  மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டு மொழியும் தெரியும். பிரசங்கியார் வாயிலிருந்து ஒரு தடவை கேட்டுவிட்டாள். இப்போது என் வாயிலிருந்து வரப்போவதற்குக் காத்திருக்கிறாள்.

பிரசங்கியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் திணறுகிறேன் என்று நினைத்து அடுத்த வாக்கியத்துக்குப் போனார். "அந்தச் சகோதரி பொய் சொல்கிறவள் அல்ல. களைத்துப் போனவள். வருகிறவர்களுக்கெல்லாம் சந்தோஷத்தைப் பரிமாறிப் பரிமாறி, தன் தட்டில் ஒன்றும் இல்லாமல் போனவள்."

ஒரே நொடி. அவளை மறைத்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் தெரிந்தது. எனக்கே கேட்டது என் குரல்:

"அந்தச் சகோதரர் பொய் சொல்கிறவர் அல்ல. களைத்துப் போனவர்."

தமிழுக்கு மட்டும் காது கொடுத்திருந்த பெரியவர்கள் தலையாட்டினார்கள். இளையவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கீபோர்டு வாசிக்க உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண் புருவத்தைத் தூக்கினாள். பிரசங்கியாருக்குத் தமிழ் தெரியாது. அவர் சகோதரி, சகோதரி என்று போய்க்கொண்டே இருந்தார். நான் சகோதரர், சகோதரர் என்று பின்னாலேயே ஓடினேன். அவள் தலை குனிந்துவிட்டது. காப்பாற்றிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

கூட்டம் முடிந்து டீ கொடுத்தார்கள். மூத்தவர்கள் கூட்டத்தில் பேச்சு கிளம்பிவிட்டது.

"ஏம்ப்பா, யாரு அந்த ரெக்கார்டு பிரதர்?"

"யாரோ இருக்கட்டும். விடியறதுக்கு முன்னால ஒரு ஆம்பள எந்திரிச்சு சமையலறைக்குப் போறானே! அவனக் கூட்டிட்டு வா, சபைக்கு மூப்பராக்கிடலாம்."

"உன் வீட்லதான் சமையலறை எந்தப் பக்கம்னே உனக்குத் தெரியாதே, நீ ஏன் கேக்கற?"

கீபோர்டுப் பெண் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள். "அங்கிள், அவரு சிஸ்டர்னுதானே சொன்னாரு? நீங்க ஏன் பிரதர்னு மாத்திட்டீங்க?"

"தவறி வந்துடுச்சும்மா."

"நாலு தடவையா, அங்கிள்?"

டீயைக் கீழே வைத்தேன். அப்போது ரயில்வேயில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், சபையில் யாரிடமும் அதிகம் பேசாதவர், என் முழங்கையைப் பிடித்துச் சுவரோரம் கூட்டிப்போனார். "தம்பி, அந்தப் பிரதர் யாருன்னு எனக்கு வேணாம். எனக்கும் அப்படித்தான். என் வீட்டுக்காரி போனதுலேருந்து வெறும் வாய்தான் அசையுது. நான் ஒருத்தன்தான்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார். நான் மாற்றிச் சொன்ன ஒரு பொய்யில் போய் இந்த மனிதர் சாய்ந்து நிற்கிறார். என்ன செய்வது? அவர் தோளைத் தொட்டேன். தொட்ட கை பொய்க்கை மாதிரி இருந்தது.

ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்தோம். அவள் கை என் தோளில் இல்லை. பின்னால் இருந்த கம்பியைப் பிடித்திருந்தாள். வீட்டுக் கதவைச் சாத்தியதும் நான்தான் ஆரம்பித்தேன்.

"அந்த மனுஷன் எப்படிம்மா நம்ம வீட்டு விஷயத்த நடுக்கூடத்துல போட்டு உடைக்கலாம்? மூணு மணிக்கு முன்னால போய்க் கேக்கறேன். நல்ல வேளை, நான் மாத்திச் சொல்லிட்டேன். யாருக்கும் தெரியாது, நீ பயப்படாத."

அவள் கைப்பையை நாற்காலியில் வைத்தாள். வைத்தாள் என்பது தப்பு. போட்டாள்.

"நாந்தான் சொல்லச் சொன்னேனுங்க."

"என்னது?"

"நேத்து நீங்க தயிருக்குப் போனப்ப. நாளைக்குக் கூட்டத்துல இதைச் சொல்லுங்கன்னு கேட்டுக்கிட்டேன். பேரு மட்டும் வேண்டாமுன்னேன். அனுமதி வாங்கித்தான் சொல்றேன்னு அவரு மொதல்லயே சொன்னாரே. அதை நீங்களே தமிழ்ல சொன்னீங்க. உங்க வாயில வந்தது உங்க காதுல உழுகலீங்களா?"

நாற்காலி எங்கே என்று தேடி உட்கார்ந்தேன். 

"என்கிட்டயே சொல்லியிருக்கலாமே..."

"எப்படிச் சொல்றது? உங்ககிட்ட எதைச் சொன்னாலும் கேக்கறதுக்குள்ள அதுக்கு ஒரு வேட்டி கட்டி, சந்தனம் பூசிப்போடறீங்க. போன வருஷம் ஒருநாள், ஜெபிக்க வாய் வர்றதில்லீங்கன்னு சொன்னனே, ஞாபகம் இருக்கா? 'மௌனமும் ஒரு ஜெபந்தான்'னு சொல்லிப்போட்டு, நோட்ட எடுத்து எழுதிக்கிட்டீங்க."

எழுதியது உண்மை. அது ஒரு சிற்றிதழில் வந்ததும் உண்மை. அந்த வரிக்கு இரண்டு பேர் போன் செய்து பாராட்டினார்கள்.

"அதான் யோசிச்சேன். மத்தவங்க சொல்றத மட்டுந்தான் நீங்க ஒரு வார்த்தை விடாமக் கேக்கறீங்க. கேட்டாத்தானே திருப்பிச் சொல்ல முடியும். அப்ப அவரு வாயில போயி, உங்க வாயில வந்துச்சுன்னா, உங்களுக்குத் தெரிஞ்சே ஆகணுமேன்னு நெனச்சேன்." குரல் உடைந்தது. உடனே சரிசெய்துகொண்டாள். "தெரிஞ்சுதுங்க. பாத்துட்டே இருந்தேன். தெரிஞ்ச நிமிஷத்துலயே என்னையத் தூக்கிப்போட்டு அந்த எடத்துல ஒரு ஆம்பளைய நிறுத்திட்டீங்க."

"உன்னக் காப்பாத்தத்தான்..."

"யாருகிட்டருந்துங்க?"

  சந்தோஷம் அக்காவின் கணவன் என்ற பெயரையும் சேர்த்துத்தான் காப்பாற்றினேன் என்று நினைக்கிறேன்.

என்ன ஆயிற்று, எதனால் இப்படி என்று கேட்டேன். ஒரு சாவு, ஒரு நோய், ஒரு துரோகம், ஏதாவது காரணம் வேண்டியிருந்தது எனக்கு.

"ஒண்ணும் நடக்கலீங்க. அதுதான் பயமே. ஒருநாள் காலையில ஒக்காந்தேன். வரல. மறுநாளும் வரல. நிறுத்துனா நீங்க எந்திரிச்சு வந்து ஏன்னு கேப்பீங்களேன்னு போன்ல போட்டு விட்டேன். அப்புறம், எந்திரிச்சு வரமாட்டீங்களான்னு போட்டு விட்டேன். ஒரு வருஷம். ஒருநாளாவது அந்தக் கதவத் தொறந்திருந்தீங்கன்னா பாத்திருப்பீங்க."

இவ்வளவு சின்ன வீட்டில், படுக்கைக்கும் அந்தக் கதவுக்கும் நடுவே பத்தடிகூடக் கிடையாது.

சாப்பிடவில்லை. இரண்டரை மணிக்கு அவள் முகம் கழுவிப் பொட்டில்லாத நெற்றியைத் துடைத்துக்கொண்டு வந்து, "கெளம்பலாமுங்களா?" என்றாள்.

"என்ன செய்யணும்னு சொல்லு."

"மாத்திச் சொன்னத மாத்திச் சொல்லுங்க. மிச்சம் எனக்குத் தெரியல."

மூன்று மணிக் கூட்டத்தில் பாட்டு முடிந்து பிரசங்கியார் எழுந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் வாய் திறக்குமுன் மைக்கை என் பக்கம் இழுத்தேன். பதினோரு வருடத்தில் யாருடைய வாக்கியமும் இல்லாமல் அந்த இடத்தில் நான் பேசியதில்லை.

"காலையில் ஐயா ஒரு சகோதரியைப் பற்றிச் சொன்னார். நான் தெரிந்தே அதைச் சகோதரர் என்று மாற்றிவிட்டேன். அது தவறு. அவர் சொன்னது ஒரு பெண்ணைத்தான்."

 ரயில்வே பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். அவரிடமிருந்து எதையோ பிடுங்கிவிட்டேனோ என்று தோன்றியது. மூன்றாவது வரிசையில் நாற்காலி தரையில் உராய்ந்தது. என் மனைவி எழுந்து நின்றாள்.

"அது நாந்தானுங்க" என்றாள்.

'ஆ' என்று யாரோ வாய்விட்டுச் சொன்னார்கள். டீ நேரத்தில் மூப்பராக்கலாம் என்று சிரித்தவர் தரையைப் பார்த்தார். பிரசங்கியார் என் கையைத் தட்டி, "ஏனு ஹேளித்ரு?" என்று கேட்டார். என்ன சொன்னார்கள் என்று. அவள் சொல்வதைக் கன்னடத்தில் சொல்ல வேண்டியவனும் நான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

"அது நான்தான்" என்றேன் கன்னடத்தில். முறைப்படி அப்படித்தான் சொல்ல வேண்டும்.

அவள் காத்திருந்தாள். பிரசங்கியார்கள் காத்திருப்பார்களே, அப்படி, நான் முடிக்கும்வரை. பிறகு அடுத்ததைச் சொன்னாள். "ஒரு வருஷமா நான் சொன்ன சாட்சியெல்லாம் மெய்யில்லீங்க."

சொன்னேன்.

"சந்தோஷமா இருக்கேன்னு சொன்னா எல்லாருக்கும் நிம்மதியா இருந்துச்சு. அதனால சொன்னேன்."

சொன்னேன். என் பழைய கை ஒரு உவமையைத் தேடி நீண்டது. மடக்கிக்கொண்டேன்.

"ஆண்டவர விட்டுட்டேன்னு இல்லீங்க. எங்க இருக்காருன்னு தெரியல. தேடிக்கிட்டு இருக்கேன். இனிமே தெரியாட்டி தெரியலன்னே சொல்லுவேன்."

இந்த இடத்தில் கன்னடம் எனக்கு வரவில்லை. பிறந்ததிலிருந்து பேசும் மொழி. 'தெரியவில்லை' என்பது அதில் மிகச் சாதாரணமான சொல். கூடம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் அவசரப்படுத்தவில்லை. இரண்டாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொன்னாள், இன்னும் மெதுவாக, என்னைப் பார்த்து. அந்தத் தடவை சொல்லிவிட்டேன்.

"அவ்வளவுதானுங்க" என்று உட்கார்ந்தாள்.

"இஷ்டே" என்றேன் நானும்.

 யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த பெண் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவளிடம் நீட்டினாள். அவள் கடகடவென்று பாதிக்கு மேல் குடித்து, வாயைத் துடைத்தாள். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் பிரசங்கியார் பேசத் தொடங்கியதைக் கவனிக்கவில்லை. அவர் தன் முதல் வாக்கியத்தை எனக்காக இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.